லயத்தில் எழுந்த சபை

பதுளை நகருக்குச் செல்வோர் புனித மாற்கு ஆலயத்தைக் காணாமல் திரும்புவது அரிது. அந்நகரில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்னும் துரையின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டு, 1857-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில் அது. அத்துரை 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பது வழக்கிலுள்ள கணக்கு. 1845-இல் ஹப்புத்தளையில் இடி தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் பின்னர் இடி பிளந்தது என்பர். யானைகளின் சாபம் என்பது மலைநாட்டார் வழங்கிய தீர்ப்பு! ஊவாவின் கிறிஸ்தவ சரித்திரத்தை இக்கல்வெட்டிலிருந்து தொடங்குவது எளிது. நாமோ ஹாலிஎல பகுதித் தோட்டங்களிலிருந்து தொடங்க விரும்புகிறோம். அங்கே கல்வெட்டு ஏதும் இல்லை.

ஹாலிஎல, பதுளைக்கு முந்திய ரயில் நிலையம். சிங்களத்தில் 'எல' என்றால் ஓடை. புகையிரதம் பதுளையை எட்டியது 1924-இல்தான். தோட்டங்களோ அதற்கு நெடுங்காலம் முந்தியவை. கோப்பிக்கு நோய் வந்து, மலைகள் தேயிலைக்கு மாறிய கதையைக் கண்டவை. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறினர். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

இலங்கைக்கு மிஷனெரிமார் வந்தது அதற்கு முன்பே. 1812-இல் பாப்திஸ்து மிஷனார், 1814-இல் மெதடிஸ்தர், 1816-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கர், 1818-இல் சர்ச் மிஷன் சங்கத்தார் என அடுத்தடுத்து வந்திறங்கினர். ஆயினும் கோப்பித் தோட்டத்துத் தமிழரை நாடி ஓர் ஒழுங்கான ஊழியம் பிறக்க 1854 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சர்ச் மிஷன் சங்கத்தார் அவ்வாண்டில் தொடங்கிய அவ்வூழியத்துக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயர். தோட்டத் துரைமார் பணம் உதவினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். துரைமாரிற் சிலருக்குப் பக்தி இருந்தது; சிலருக்கு, குடியாத தொழிலாளி நாள் தவறாமல் பிரட்டுக்கு வருவான் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்பது நம் எண்ணம். பெயரிலிருந்த 'கூலி' என்னும் சொல் பின்னாளில் உதிர்ந்தது. 1880-களில் மெதடிஸ்தரும் சாமுவேல் லாங்டன் என்பாரின் முயற்சியால் ஊவாவில் காலூன்றினர்.

ஆனால் உபதேசியார் வந்த பின்னரே சபை உண்டாயிற்று என எண்ணுவது தவறு. திருநெல்வேலியில் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர் சிலர் தொழிலாளரோடு தொழிலாளராய் இம்மலைகளுக்கு வந்திருந்தனர். அவர்கள் கையோடு கொண்டுவந்தது பாட்டு. பிள்ளைகள் உறங்கிய பின் ஒரு லயக்காமராவில் சாக்கை விரித்து, லாந்தரை நடுவில் வைத்து, மனப்பாடமாய் வந்த கீர்த்தனைகளைப் பாடுவார்கள் என்று நம் பாட்டியார் தம் மாமியார் சொல்லக் கேட்டதைச் சொல்வார். மாசி மாதமானால் அடுத்த லயத்தில் காமன் கூத்துக்குத் தப்பு முழங்கும். இவர்களும் பாட்டை நிறுத்தமாட்டார்கள். அவர்களும் தப்பை நிறுத்தமாட்டார்கள். விடிந்தால் எல்லோரும் ஒரே மலைக்கு ஏறவேண்டியவர்கள் அன்றோ!

உபதேசியாரைப் பற்றிப் பாட்டியார் சொல்வதில் பிரசங்கம் சிறிதே வரும், கால்கள்தாம் அதிகம். ஒரு கையில் குடை, மறு கையில் மெழுகுசீலையிற் பொதிந்த வேதபுஸ்தகம், முழங்கால் வரை அட்டைக் கடி. தோட்டம் தோட்டமாக நடப்பார். பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி. மாலையில் பெரியவர்களுக்கு ஊர்க் கடிதம். கடிதம் வாசிக்கவும் பதில் எழுதவும் சாமி கும்பிடுவோரும் வேதக்காரரும் வேறுபாடின்றி அவர் திண்ணைக்கு வருவார்கள். எவருடைய தாய் இறந்தாள், எவருடைய நிலம் ஒற்றிக்குப் போயிற்று என்பதைத் தோட்டத்தில் முதலில் அறிந்தவர் அவரே. இத்தனை இரகசியங்களைச் சுமந்த மனிதருக்குத் தோட்டத்தில் பகைவர் இல்லை என்பதையே நாம் அவருடைய பெரிய பிரசங்கமாகக் கருதுகிறோம்.

அவரும் அவருக்கு மேலான ஐயரும் விட்டுச் சென்றது ஞானஸ்நான ஏடு. தேதி, பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், தோட்டம், தொழில் என வரிவரியாக ஓடும். தொழில் என்ற இடத்தில் பக்கம் பக்கமாய் 'கூலி'. தோட்டத்துச் செக்ரோல் ஆட்களின் வேலைநாளை எண்ணியது. இந்த ஏடோ அவர்கள் இன்னாரின் பிள்ளை என்றது. அக்காலத்து லயங்களில் பிறந்த பலருக்கு வேறு பிறப்புப் பதிவு இருக்கவில்லை.

இதன் பெறுமதி 1948-இல் தெரிந்தது. அவ்வாண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனும் தன் தந்தை இத்தீவிற் பிறந்தவர் என்று காட்டவேண்டும் என்றது. நம் தந்தையார் பாட்டனாரின் ஞானஸ்நானப் பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு காரியாலயத்தின் படியேறினார். ஏட்டில் பாட்டனார் யாக்கோபு. செக்ரோலிலோ, அவருடைய தகப்பனார் குலதெய்வத்தை நினைத்து இட்ட பழைய பெயர். இருவரும் ஒருவரே என்பதற்குச் சாட்சி கேட்டார்கள். ஞானஸ்நானம் கொடுத்த ஐயரும் உபதேசியாரும் மண்ணுக்குள் போய் வெகுகாலம். மனு திரும்பி வந்தது.

பின்னர் 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதரைப் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாக்கினார்கள். நம் தந்தையாருக்கு இந்நாடு கிடைத்தது, சிற்றப்பாவுக்கு அந்நாடு. தலைமன்னார்க் கப்பலேறி, நீலகிரித் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். ஞாயிறு ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தாம். அவர் போன பின் சில வாரங்கள் யார் தொடங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்துக்குப் பின்னும் நாடற்றவராய் நின்றோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் வழி திறந்தது.

அந்தப் பழைய ஏட்டை நாம் பார்த்திருக்கிறோம். ஓரம் செல்லரித்தது, மை பழுப்பேறியது. சில பெயர்களுக்கு எதிரே பிற்காலத்துக் கையெழுத்தில் 'இந்தியா' என்று மட்டும் குறித்திருக்கிறது. கோத்தகிரியிலுள்ள சிற்றப்பாவின் பேத்தி, பாட்டனார் யாக்கோபு ஞானஸ்நானம் பெற்ற தேதியைத் தன் வீட்டு வேதபுஸ்தகத்தில் எழுதி வைக்கவேண்டுமென்று கேட்டு எழுதியிருந்தாள். பார்த்து எழுதி அனுப்பினோம். பழைய பெயரையும் சேர்த்தே எழுதினோம்.