திப்பியில் ஒரு பை

சேலம், ஆத்தூர் பக்கம் போகிறவர்களுக்கு ஜவ்வரிசி ஆலை வாசனை பழக்கம்தான். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சுவது திப்பி. வெயிலில் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். ஆனால் காய்ந்த திப்பியில் ஏறத்தாழ பாதி இன்னும் மாவுச்சத்துதான்!

இதிலிருந்து மக்கும் தாள் செய்யலாம். கிட்டத்தட்ட கஞ்சி காய்ச்சுவது மாதிரிதான். நைசாக அரைத்த திப்பியைத் தண்ணீரில் கரைத்து 70, 80 டிகிரி சூட்டில் கிளறினால் கூழாகும். கொஞ்சம் கிளிசரின் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் அப்பளம் போல நொறுங்கிவிடும். தட்டில் மெல்லியதாக ஊற்றிக் காயவைத்து உரித்தால் தாள் தயார். திப்பியில் இருக்கும் நார் அதற்கு வலு கொடுக்கும்.

குறை? ஈரம் பட்டால் இளகிவிடும். துணி மடிக்கலாம், மீன் வாங்க முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஆனாலும் விலையில் பாலித்தீனோடு மோதுவது கஷ்டம். இன்னொன்று, திப்பி யாரும் வேண்டாமென்று எறிந்த குப்பை அல்ல. தாளுக்குக் கிராக்கி வந்தால் திப்பி விலையும் ஏறும். அப்போது நாலு மாடு வைத்திருப்பவர் தீவனத்துக்கு எங்கே போவார்? அந்தச் செலவையும் எழுதிய பிறகுதான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.