பினாங்கில் ஒரு நோன்பு மாலை

கடலோர ஊர்களில் வாழும் நம்மவர்க்குச் ‘சபராளி’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அக்கரையில் ஒருவர் உழைப்பார். இக்கரையில் ஒரு குடும்பம் அவர் வரவை எண்ணி நாள்களைக் கழிக்கும். நாமும் அத்தகைய வீட்டில் பிறந்து வளர்ந்தவரே.

நம் வாப்பா அவர்கள் 1950-ஆம் ஆண்டு, நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்குத் தீவுக்குச் சென்றார்கள். அதன் பின்னர் 44 ஆண்டுகளில் அவர்கள் ஊருக்கு வந்தது ஏழே முறை. 1994-இல் அவர்கள் மௌத்தான செய்தி நம்மை எட்டிய வேளையில், அங்கே அடக்கமும் முடிந்திருந்தது. மையித்தைக் குளிப்பாட்ட நீர் வார்த்தவர் யார்? சந்தூக்கிற்குத் தோள் கொடுத்தவர் யார்? மகன் என்று ஒருவன் இருந்தும், கடைசியாக ஒரு பிடி மண் இட இயலாது போயிற்று. அந்த வேதனை நாளடைவில் வாப்பாவின் மீதே ஒரு மனத்தாங்கலாக மாறியது. முப்பது ஆண்டுகள் அத்தீவை நாம் எட்டிப் பார்க்கவில்லை.

2024-ஆம் ஆண்டு ரமலானில்தான் அங்குச் செல்லும் வாய்ப்பை அல்லாஹ் தந்தான்.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து பாகையில் உள்ளது பினாங்கு. ஆண்டு முழுவதும் அங்குப் பகலும் இரவும் பெரிதும் கூடுவதில்லை, குறைவதில்லை. எந்தப் பருவத்தில் ரமலான் வந்தாலும் நோன்பின் நேரம் பதின்மூன்றரை மணியை ஒட்டியே அமையும். நண்பகல் வெயில் உடலைப் பிழியும். மாலையில் பெருமழை கொட்டி ஓயும். அப்படியொரு மழை விட்ட மாலையில்தான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குள் நுழைந்தோம். ஆங்கிலேயர் 1786-இல் அத்தீவில் கால் வைத்த சில ஆண்டுகளிலேயே, 1801-இல், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோர் எழுப்பிய இறையில்லம் அது. அதே சாலையில் 1818-ஆம் ஆண்டுத் தேவாலயமும் சீனரின் குவான் யின் கோயிலும் நிற்கின்றன. சற்றே நடந்தால், சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் அமைந்த தர்காவைக் காணலாம்.

ஆயினும் நம்மைத் தடுத்து நிறுத்தியது கட்டடமன்று, கஞ்சியின் மணம். வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கலந்த அந்த வாசனையில் உம்மாவின் அடுக்களை நினைவுக்கு வந்தது. மலாய்க்காரர், தமிழர், வங்காளத் தொழிலாளர் என யாவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தனர். நம் அருகிலிருந்த முதியவர் ஒரு கோப்பையை நம் பக்கம் நகர்த்தியவாறே, “தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். ஊரைச் சொன்னோம். “யார் வீட்டுப் பிள்ளை?” என்றார். வாப்பாவின் பெயரைச் சொன்னோம்.

அவர் கை அப்படியே நின்றது. பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, மஃரிபு தொழுத பின்னரே பேசினார்.

“உங்க வாப்பாவைக் குளிப்பாட்டினவங்கள்ல நானும் ஒருத்தன், தம்பி. தோள்ல கண்டார் தூக்கித் துறைமுகத்துல சோறு வித்த காலத்திலேருந்து அவங்களைத் தெரியும்.”

‘கண்டார்’ என்பது இருபுறமும் சுமை தொங்கும் தோள்கம்பு. ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியுமாகச் சுமந்து விற்றதாலேயே, இன்றளவும் அவ்வுணவுக்கு ‘நாசி கண்டார்’ என்று பெயர்.

முதியவர் தொடர்ந்தார்: “ஆளில்லாம எவன் மௌத்தானாலும் உங்க வாப்பா கடையைச் சாத்திட்டு வந்துடுவாங்க. அவங்களே நின்னு குளிப்பாட்டுவாங்க. ‘இவனுக்கும் ஊர்ல ஒரு மகன் இருப்பான். அவனால வர முடியாது, நாம நிப்போம்’னு சொல்லுவாங்க. அவங்க முறை வந்தப்ப நாங்க நின்னோம்.”

நம்மால் வாய் திறக்க இயலவில்லை.

ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். சிலர் நிறைவேற்றினால் அனைவரின் கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகள். பாடமாக மட்டும் அறிந்திருந்த அச்சட்டத்தின் பொருள் அன்று விளங்கிற்று. மகனுடைய கடமையை முகமறியாத சிலர் நமக்காகச் சுமந்திருக்கிறார்கள்; எத்தனையோ மகன்களின் கடமையை வாப்பா சுமந்திருக்கிறார்கள்.

மறுநாள் அம்முதியவரே நம்மை மையவாடிக்கு அழைத்துச் சென்றார். ஸலாம் சொல்லி, துஆ ஓதி, ஈர மண்ணில் கை வைத்தோம். உம்மாவின் தனிமைக்கு இது ஈடாகிவிடும் என்று சொல்ல மாட்டோம். அக்கணக்கு அல்லாஹ்விடம் உள்ளது. நம் மனத்தாங்கலை மட்டும் அம்மண்ணிலேயே விட்டு வந்தோம்.

பெருநாளுக்கு முன்பே ஊர் திரும்பினோம். கட்டட வேலைக்காக வந்துள்ள வடநாட்டு இளைஞர் சிலர் நம் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் தொழுவது வழக்கம். இரண்டு ஆண்டுகளாக அவர்களைப் பார்த்திருந்தும், ஒரு நாளும் நாம் பேசியதில்லை. அன்று நோன்பு திறக்கும் வேளையில் அவர்களுள் ஒருவன் அருகே அமர்ந்தோம். அறிந்த இரண்டொரு இந்திச் சொற்களைக் கூட்டி, “எந்த ஊர், தம்பி?” என்று கேட்டோம்.

“முர்ஷிதாபாத்” என்றான்.

“வாப்பா இருக்கிறார்களா?”

“இருக்கிறார்கள். பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.”

அவன் சட்டியில் இன்னும் ஓர் அகப்பைக் கஞ்சி ஊற்றச் சொன்னோம்.