களிம்பும் கல்லும்

செம்புக் குடத்தில் படியும் பச்சைக் களிம்பைப் புளியிட்டுத் துலக்குவது நம் இல்லங்களின் வழக்கம். அக்களிம்பிற்கு உறவான கல்லையோ உலகின் அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கின்றன. நிலத்தின் மேல்மட்டத்துச் செம்புத் தாது, நீரோடும் காற்றோடும் நெடுங்காலம் உறவாடி மாறும்போது, மாலகைட் என்னும் பச்சைக் கல்லும் அசுரைட் என்னும் நீலக் கல்லும் பிறக்கின்றன. ஆழத்தில் கிடைக்கும் பொன்மஞ்சள் தாதுவே தொழிலுக்கு வருவாய். பச்சையும் நீலமும் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து மட்டுமே.

ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டத்தில், வறண்ட ஆரவல்லிக் குன்றுகளுக்கிடையே கேத்ரி செம்புச் சுரங்கங்கள் உள்ளன. அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் செம்பை உருக்கி, அம்பு முனைகளும் தூண்டில் முட்களும் செய்தனர் என்பதற்குக் கணேஷ்வர் அகழாய்வு சான்று. நம் காலத்தில், 1967-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் அச்சுரங்கங்களை நடத்தி வருகிறது.

அங்கே பல்லாண்டு உழைத்து, ஓய்வுபெற்றுத் திரும்பிய முதியவர் ஒருவர் நம் வந்தவாசிப் பகுதியில் வாழ்ந்தார். ஊரார் அவரைக் 'கேத்ரிக்காரர்' என்றே அழைத்தனர். இயற்பெயர் அறிந்தோர் சிலரே. அவர் வீட்டில், மாதா சுரூபத்தின் அருகே, உள்ளங்கையளவு பச்சைக் கல்லொன்று இருந்தது. அது வந்த வரலாற்றை ஒருமுறை வினவினோம்.

"சம்மட்டிய ஓங்கிட்டேன் சாமி. விளக்கு வெளிச்சத்துல அதப் பார்த்ததும் அடிக்க மனசு வரல. மேஸ்திரிகிட்ட கேட்டுத்தான் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

நமீபியாவின் சூமெப் சுரங்கம் இத்தகைய கற்களுக்கு உலகப் புகழ் பெற்றது. 300-க்கும் மேற்பட்ட கனிம வகைகள் அங்கே கண்டறியப்பட்டன. 1996-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும், அதன் கற்கள் அப்பெயரைத் தாங்கியே உலகை வலம் வருகின்றன. சேகரிப்போர் கல்லுக்குக் கீழே கனிமத்தின் பெயர், சுரங்கத்தின் பெயர், நாட்டின் பெயர் ஆகியவற்றைத் தவறாது எழுதி வைப்பர். உடைக்க ஓங்கிய கையை நிறுத்தியவனின் பெயரை எழுதுவோர் அரிது. அவன் கை நின்றிராவிடில் அக்கல் அரைவை எந்திரத்தில் பொடியாகியிருக்கும். ஆரணிப் பட்டிலும் இதுவே நிலை: சேலைக்கு ஊரின் பெயர் உண்டு, தறிக்குழியில் கால் மரத்துப்போக அமர்ந்தவருக்குப் பெயர் இல்லை.

யோபு நூலின் 28-ஆம் அதிகாரம் சுரங்கத் தொழிலாளரைக் காட்டுகிறது. மனித நடமாட்டத்திற்கு அப்பால், கயிற்றில் தொங்கி ஊசலாடும் மனிதர் அவர்கள். ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்த ஆசிரியர், முதலில் அவர்களையே நமக்குக் காட்டுகிறார் என்பது சிந்திக்கத்தக்கது.

2024 மே 14 இரவு, கேத்ரியை அடுத்த கோலிஹான் சுரங்கத்தில் மின்தூக்கியின் கயிறு அறுந்து, 15 பேர் சுமார் 1,875 அடி ஆழத்தில் சிக்கினர். மறுநாள் 14 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர், ஒருவர் மாண்டார். கேத்ரிக்காரர் மறைந்து அப்போது ஓராண்டு. செய்தி கேட்ட அவர் மனைவி கோயிலுக்கு வந்து, முன்பின் அறியாத அந்தப் பதினைந்து பேருக்காக நெடுநேரம் செபித்தார்.

சில மாதங்களுக்குப்பின் அவ்வம்மையாரே கல்லை எடுத்து வந்தார். கற்களைச் சேகரிக்கும் சென்னை அன்பர் ஒருவர் நல்ல விலை கேட்கிறார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவும். விற்பது அவருக்குச் செய்யும் துரோகமாகுமா என்று கேட்டார். பேத்தி படிப்பதில் அவருக்கு மகிழ்ச்சியே இருக்கும் என்றோம். ஆயினும், ஒரு தாளில் கல்லின் பெயர், கேத்ரி என்னும் ஊரின் பெயர், அவற்றின் கீழே அவருடைய திருமுழுக்குப் பெயர், தந்தை பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தோம்.

வாங்கியவர் தாளை மடித்துக் கல்லோடு பெட்டியில் வைத்துக்கொண்டாராம். கல் கைமாறும்போதெல்லாம் அத்தாளும் உடன் செல்லுமா என்பதற்கு உறுதியில்லை. அவர் பேத்தி இப்போது முதலாண்டு படிக்கிறாள்.