தோளிற் கிடந்த சால்வை

யாழ்ப்பாணத்திலே கலியாண வீட்டுக்குப் புறப்படும் ஆண்மகன், வேட்டி உடுத்த பின்னும் ஏதோ குறைந்தவன் போல நிற்பான். மடித்த சால்வை தோளில் ஏறியதும் அக்குறை நீங்கிவிடும். வெயிலுக்கோ குளிருக்கோ அணிவதன்று அது. தன் மதிப்பையும், தான் செல்லும் வீட்டாருக்குத் தரும் மதிப்பையும் ஒருங்கே காட்டுவது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அதே சால்வை தோளை விட்டிறங்கி இடுப்பைச் சுற்றிக்கொள்ளும். ஆண்கள் மேலாடையின்றியே உள்ளே செல்வர். தோளிற் கிடக்கையிற் பெருமையாயிருந்த துணி, இடுப்பிற் கட்டியதும் பணிவாகிவிடுகிறது. இறைவன்முன் யாவரும் சமம் என்பதற்கு இதனினும் அழகிய அடையாளம் உண்டோ என்று இளமையில் வியந்திருக்கிறேன்.

ஆனால் 1950களில், நான் சிறுவனாயிருந்தபோது கண்ட காட்சியொன்று பின்னாளில் அவ்வியப்பைக் கலைத்தது. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த முதியவர், படலையைத் தாண்டும்போதெல்லாம் தோளிற் கிடந்த துண்டை எடுத்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொள்வார்.

“இது கோயிலோ? ஏன் எடுக்கிறாய்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பழகிப் போச்சுது, சின்ன நயினார்” என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்த அப்பு ஒன்றும் பேசவில்லை. அவர் தோளிலே சால்வை கிடந்தது.

அப்பழக்கத்தின் வேரைப் பின்னரே அறிந்தேன். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆண்கள் தோளிற் சால்வை இடுவதும், பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதும் இக்குடாநாட்டிலே தடுக்கப்பட்டிருந்த காலம் ஒன்றிருந்தது. கடலுக்கு அப்பால், தென் திருவிதாங்கூரிலும் மேலாடைக்காக நாடார் பெண்கள் நெடுநாள் போராடி, 1859இல் ஓரளவு வென்றனர். இங்கே, சாதியைக் காட்டி ஒருவரைப் பொது வழிபாட்டிடத்தில் தடுத்தல் குற்றமென 1957இற் சட்டம் வந்தது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே செல்லும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் நடத்தவேண்டியிருந்தது.

இளையோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். சால்வையைத் தோளில் இட உரிமையுள்ளவன் தானாக இறக்கினால் அது பணிவு. அவ்வுரிமை மறுக்கப்பட்டவன் இறக்குவது பணிவன்று, அச்சம். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று.

அண்மையில் ஒரு கலியாணப் பந்தலில் அம்முதியவரின் பேரனைக் கண்டேன். தோளிலே சரிகைச் சால்வை. “வாங்கோ, இதிலை இருங்கோ” என்று அருகில் இடம் கொடுத்தேன், மகிழ்ச்சியோடு அமர்ந்தார். என் பாட்டன் வயதினரான அவர் பாட்டனாரை நான் ஒருநாளும் அவ்வாறு அழைத்ததில்லை.