தெளிநீருக்கு ஒரு காவல்

நியூசிலாந்தின் தென்தீவிலே, வடபாகத்து மலைகளுக்கிடையில், 1956 ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற நெல்சன் லேக்ஸ் தேசிய வனம் பரந்து கிடக்கின்றது. வாகனம் செல்லும் வீதி முடியுமிடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு நாள் நடைத் தூரத்தில், கடல்மட்டத்தின் மேல் 1,200 மீற்றரளவு உயரத்தில், நீல ஏரி எனப்படும் நீர்நிலையொன்று அவ்வனத்தினுள்ளே உண்டு. மாவோரி மொழியில் அதன் பெயர் ரொட்டொமைரெஃபெனுவா. ஏரி என்று சொல்லுவதற்கே சிறிது தயக்கம் தோன்றும், அத்துணைச் சிறியது. அதன் மிகக் கூடிய ஆழம் 7 மீற்றரளவே. ஆயினும், உலகில் இதுவரை அளந்து பார்க்கப்பட்ட இயற்கை நன்னீர் ஏரிகளுள் இதுவே மிகத் தெளிந்தது எனப்படுகின்றது. 2011 இல் அந்நாட்டு நீர், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட முடிவின்படி, அந்நீரினூடே கிடையாகப் பார்ப்பவனின் பார்வை 70 முதல் 80 மீற்றர் வரை செல்லும். காய்ச்சி வடித்த நீரிற் பார்வை செல்லத்தக்க எல்லையும் ஏறக்குறைய அதுவே.

ஏரிக்கு அண்மையில், 16 பேர் உறங்கத்தக்க குடிலொன்றை இயற்கைப் பேணல் திணைக்களம் அமைத்துள்ளது. விடுதி என்ற சொல் நம் மனத்தில் எழுப்பும் வசதிகளுள் ஒன்றேனும் அங்கில்லை. சமையற்காரன் இல்லை, மின்விளக்கு இல்லை, கைத்தொலைபேசிக்கு அலையும் எட்டாது. மெத்தையிட்ட தட்டுகள், ஓர் அடுப்பு, கூரைநீர் சேரும் தொட்டி, வெளியே மலசலகூடம், அவ்வளவே. குளிர்காலத்திற் பனிச்சரிவுகள் வழியை மறிக்கும். நம் நாட்டில் மார்கழி மழை பெய்யும் காலம் அங்கே கோடையாதலின், அப்போதுதான் நடைப்பயணிகள் திரண்டு வருவர். அந்நாட்களில் இக்குடிலைப் பார்த்துக்கொள்ள ஊதியமின்றி வந்து தங்குபவரே தொண்டர்.

தொண்டு என்றவுடன் பெருஞ்செயல்களை எண்ணிக்கொள்வது நம் வழக்கம். இவருடைய காலைப்பொழுதோ தும்புத்தடியுடன் தொடங்குகின்றது. விடியுமுன்னரே மூட்டை கட்டிப் புறப்பட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற சேற்றைக் கூட்டித் தள்ள வேண்டும். மெத்தைகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். மலசலகூடத்தைக் கழுவ வேண்டும். எவரோ மறந்துபோன காலுறையும், எவரோ வேண்டுமென்றே விட்டுச்சென்ற வெற்றுப் பேணியும் நாள்தோறும் அகப்படும். மலையிற் குப்பைக்காரன் வருவதில்லை. கொண்டுவந்தவனே கொண்டுபோதல் வேண்டும். கொண்டுபோகாதவனுடையதைத் தொண்டரே தம் முதுகிற் சுமந்து இறங்குவார். பின்னர் விறகு பிளத்தல், தொட்டிநீரைக் கவனித்தல், பாதையில் விழுந்த கிளைகளை அகற்றுதல் என வேலை நீளும். குந்தியிருந்து இளைப்பாறலாமெனின், மணல் ஈக்கள் கணுக்காலை மொய்த்துவிடும். ஈ என்ற பெயர் கண்டு ஏமாறலாகாது. நுளம்பினும் கொடியது அதன் கடி. கேயா என்னும் மலைக்கிளியின் குறும்பும் உண்டு. வாசலிற் கழற்றிவைத்த சப்பாத்தின் நாடாவை அது அலகாற் கிழித்துப் போட்டுவிடும். இரண்டு நாள் நடந்து வந்தவனுக்குச் சப்பாத்துப் பழுதாவது சிறு துன்பமன்று.

பிற்பகலிலே முதற்பயணிகள் வந்து சேருவர். அவருட் பலர், நாட்டின் வடமுனையிலிருந்து தென்கோடிவரை 3,000 கிலோமீற்றர் நீளும் தே அராரோவா என்னும் நெடும்பாதையில் வருபவர். 2011 இல் திறக்கப்பட்ட அப்பாதை இக்குடிலைத் தொட்டுக்கொண்டு, மேலே 1,870 மீற்றரளவு உயரமுள்ள வையாவ் கணவாய்க்கு ஏறுகின்றது. அவர்களுடைய அனுமதிச் சீட்டைப் பார்த்தல், வருகைப் பதிவேட்டில் அடுத்து எங்கே செல்வர் என்பதை எழுதுவித்தல் ஆகியன தொண்டரின் கடமைகள். வெறுஞ் சம்பிரதாயம்போலத் தோன்றும் இப்பதிவுதான், ஒருவர் வழிதவறுமிடத்துத் தேடுவோருக்குக் கிடைக்கும் முதற் சான்று. மாலையில் வானொலியில் வரும் வானிலை அறிவித்தலைக் கேட்டு, நாளை கணவாயில் காற்றும் பனியும் எவ்வாறிருக்கும் என்று அவர் சொல்லும்போது, குடிலில் இருப்போரனைவரும் உணவுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பர். நிற்கச் சொன்னால் நிற்பவரும் உளர். விடுமுறை முடிகிறதென்று முணுமுணுப்பவரும் உளர்.

எனினும் இவையனைத்தையும் விடக் கடினமான வேலை ஒன்றுண்டு. அது பேச்சு.

எட்டு மணிநேரம் வெயிலில் ஏறிவந்தவன் முன்னே நீலமும் பச்சையும் கலந்த அந்நீர் கிடக்கின்றது. தெளிவே அதன் அழைப்பு. அதில் இறங்க வேண்டாம், முகங்கழுவ வேண்டாம், கோப்பை அலம்பவும் வேண்டாம் என்று ஒருவர் வந்து சொல்லுகிறார். அபராதம் விதிக்கும் அதிகாரமோ தடுத்து நிறுத்தும் அதிகாரமோ அவரிடம் இல்லை. கையில் இருப்பது காரணம் ஒன்றே. ஆதலால், அதை நன்றாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணத்தின் முதற்பகுதி நிலத்தின் அமைப்பிலுள்ளது. மேலே கொன்ஸ்ரன்ஸ் என்னும் பெரிய ஏரி இருக்கின்றது. இரண்டுக்குமிடையில் முன்னொரு காலத்து மண்சரிவு அணைபோற் கிடக்கின்றது. மேலேரியின் நீர் அவ்வணையின் கல்லிலும் மணலிலும் ஊறி, துகளனைத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, நிலத்தின் கீழாக வந்து நீல ஏரியிற் சுரக்கின்றது. வந்த நீர் ஒருநாளளவே தங்கிப் போய்விடுவதால், அல்கா முதலியன பெருகுவதற்கு நேரமில்லை. இதனை எவரும் செய்யவில்லை. எவராலும் திருப்பிச் செய்யவும் இயலாது. 

இரண்டாவது பகுதி மனிதனுடைய சப்பாத்திலுள்ளது. 2004 இல் தென்தீவின் ஆறொன்றிற் கண்டறியப்பட்ட டிடிமோ என்னும் அல்கா, கற்களின்மீது கம்பளிபோற் படர்வது. லிண்டேவியா என்னும் மற்றொன்று நீரிற் சளிபோன்ற இழைகளை உண்டாக்குவது. அது பயணிகள் புறப்பட்டு வரும் ரொட்டோயிட்டி, ரொட்டொரோவா ஏரிகளில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ஈரமான காலுறையில், நீர்ப்போத்தலின் மூடியில், ஒரு துளி போதும். ஏரியிற் புகுந்தபின் அதனை அகற்றும் வழி எவருக்கும் தெரியாது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போது தொண்டர் தம் குரலைத் தாழ்த்துவது இயல்பு. அந்நிலத்துக்குரிய ஙாத்தி அப்பா கி தே ரா தோ என்னும் மாவோரிக் குலத்தார்க்கு இவ்வேரி புனிதமானது. மாண்ட ஆடவரின் எலும்புகளை இந்நீரிற் கழுவி, ஆவியை மூதாதையர் நாடாகிய ஹவாய்க்கிக்கு வழியனுப்புவது அவர்தம் முன்னோர் சடங்கு. பெண்களின் எலும்புகளுக்கு மேலேரி. அறிவியலைக் கேட்டு வாதாடுபவனும் இதைக் கேட்டு மௌனமாகிவிடுதல் உண்டு. நுண்ணுயிரைக் கண்ணாற் காண்பது அரிது; இறந்தோர்க்குச் செய்யும் மரியாதை எந்நாட்டானுக்கும் விளங்கும்.

அப்படியும் கேளாதவர் இருக்கத்தான் செய்வர். கைத்தொலைபேசியிற் பிறர் படங்களைக் கண்டு, தாமும் அவ்வாறொரு படம் எடுக்கவே வந்தவரிடம், “நான் ஒருவன் இறங்கினால் என்ன?” என்ற வினா ஆயத்தமாக இருக்கும். தொண்டர் கோபித்துக்கொள்வாராயின் தோற்றார். அவர் உறங்கியபின் அந்த ஒருவன் இறங்குவான். ஆதலால் அவர் தேநீர் ஊற்றிக்கொடுத்து, தம்மோடு கரைவரை வரச் சொல்லி, ஆழத்திற் கிடக்கும் மரத்தின் கிளையை எண்ணிக் காட்டுவார். பெரும்பாலும் அதுவே போதுமாயிருக்கும்.

அவருடைய முறை ஒரு வாரமளவு. கடைசி நாளில் அடுத்த தொண்டர் வருவார். வானொலியும் பதிவேடும் கோடரியும் கைமாறும். அவ்வொரு வாரமும் உலகின் மிகத் தெளிந்த நீரின் கரையிலே வாழ்ந்தவர் அதிற் கைவிரலையும் நனைத்திருக்கமாட்டார். வியர்வை பொறுக்கமுடியாத நாளில், கூரைத்தொட்டியிலிருந்து ஒரு வாளி நீரை எடுத்துக்கொண்டு, ஏரிக்கு எதிர்த்திசையிற் காட்டுக்குள் நடந்துபோய், சவர்க்காரமின்றி உடம்பைத் துடைத்துவிட்டு வருவார்.