தந்தையின் தகரப்பெட்டி

1998ஆம் ஆண்டு, திருநெல்வேலியில் கல்லூரி மாணவனாக இருந்தபோது, மாவட்ட அளவிலான 800 மீட்டர் ஓட்டத்தில் நான் இரண்டாம் இடம் பெற்றேன். மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் என் பெயர் ஒரே வரியில் வெளிவந்தது, அதிலும் எழுத்துப்பிழை. தந்தையார் அச்செய்தியைக் கத்தரித்துத் தம் தகரப்பெட்டியில் வைத்தார். "வெற்றியைப் பிறர் சொல்ல வேண்டும், நாமே சொல்லிக்கொள்வது அழகன்று" என்பது அவர் அறிவுரை. அதனை நெஞ்சில் கொண்டே நான் தமிழாசிரியனானேன். பணிமாறுதலில் ஊர் ஊராகச் சென்றேன்.

புவனேசுவரில் பணியாற்றியபோது, உங்களைப் போலவே தமிழை விருப்பப் பாடமாகப் பயின்ற மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் தந்தை ரயில்வே ஊழியர். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்தபின் அவள் 400 மீட்டர் ஓட்ட வீராங்கனையானாள். ஒருநாள் சக ஆசிரியர் ஒருவர் அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் காட்டினார். விடியற்காலைப் பயிற்சி, வீங்கிய கணுக்காலில் சுற்றிய கட்டு, ஓடி முடித்து மூச்சிரைக்கும் முகம் எனப் பல காணொளிகள் இருந்தன. 'படிக்கும் வயதில் இத்துணை விளம்பரமா?' என்று நான் முகம் சுளித்தேன்.

சில மாதங்களுக்குப் பின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி நடந்தது. துப்பாக்கி ஒலிக்கும் முன்பே அவள் கால் நகர்ந்துவிட்டது. முந்திப் புறப்பட்டவரை முதல் முறையிலேயே நீக்குவது 2010 முதல் தடகள விதி. ஓராண்டு உழைப்பு ஒரு நொடிக்குள் வீணாயிற்று. அவள் அழுதபடி வெளியேறியதை யாரோ படம்பிடித்துப் பரப்பினர். முகமறியாத பலர் அதன்கீழ் ஏளனமாக எழுதினர்.

செய்தியறிந்து அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். "முதலில் உன் பக்கத்தை மூடிவிடு, அம்மா" என்றேன்.

"நான் மூடினாலும் அந்தக் காணொளி மறையாதே, ஐயா. அப்போது என்னைப் பற்றி அது ஒன்றுதான் மிஞ்சும். நான் விடியற்காலையில் ஓடியதையும் உலகம் பார்க்கட்டுமே! தென்காசியில் இருக்கும் என் ஆச்சி நான் ஓடிப் பார்த்ததே அந்தப் பக்கத்தில்தான்" என்றாள் அவள்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அன்றிரவு தந்தையாரின் பெட்டி நினைவுக்கு வந்தது. அடக்கம் போதித்த அவரே, வீட்டுக்கு வந்த விருந்தினர் அனைவருக்கும் அந்தச் செய்தித் துண்டை எடுத்துக் காட்டுவார். பிழையாக அச்சாகியிருந்த என் பெயரைத் தம் பேனாவால் திருத்தியும் வைத்திருந்தார். பிறர் தவறாகச் சொன்னதை நாம் திருத்திச் சொல்வது தற்புகழ்ச்சி ஆகுமா?

மாணவச் செல்வங்களே, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் தொலைவுக்கு ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவை நீங்கள் அறிவீர்கள். இறுதிப்போட்டியில் தம் ஈட்டி பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீமின் கையில் இருந்ததாக அவர் ஒரு பேட்டியில் கூறினார். அதனைப் பற்றிக்கொண்டு சிலர் வெறுப்பைப் பரப்பினர். அப்போது 23 வயதே ஆகியிருந்த நீரஜ், தாமே காணொளி ஒன்றை வெளியிட்டார். ஒருவர் ஈட்டியை மற்றவர் பயன்படுத்துவது விதிக்கு உட்பட்டதே என்று விளக்கினார். தம் சொல்லைப் பகைமைக்குக் கருவியாக்க வேண்டா என்றும் கேட்டுக்கொண்டார். வதந்தி பரவிய அதே வழியில் உண்மையும் சென்றது.

எனினும், என் தலைமுறையின் அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஏளனச் சொற்களை இரவெல்லாம் படித்தவர் மறுநாள் எவ்வாறு ஓட முடியும்? ஆகவே அவளிடம் மீண்டும் பேசினேன். "பக்கத்தை மூட வேண்டா. ஆனால், போட்டிக்கு முந்தைய வாரம் கைப்பேசியை உன் தாயாரிடம் ஒப்படைத்துவிடு" என்றேன். அவள் சற்றே தயங்கினாள், பின்னர் உடன்பட்டாள்.

அடுத்த ஆண்டு அதே போட்டியில் அவள் ஆறாவதாக வந்தாள். பதக்கம் இல்லை. ஆயினும் அவ்வோட்டத்தை முழுமையாக வெளியிட்டிருந்தாள். ஆச்சி பார்ப்பதற்காகக் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தாள். ஆசிரியர் கண்ணோடு அதனை உற்றுப் பார்த்தேன், எழுத்துப்பிழை இல்லை.