எரிபொருளும் ஐயமும்

திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் 51ஆம் அதிகாரத்தைப் பல ஆண்டுகள் மாணவர்க்கு நடத்தியவன் நான். அப்பாடம் எனக்கே விளங்குவதற்குப் பழைய கார் ஒன்று ஆசிரியராக அமைந்தது.

2019ஆம் ஆண்டு. 30 லிட்டர் பெட்ரோலுக்கு 450 கிலோமீட்டர் ஓடிய என் வண்டி, இரண்டே மாதங்களில் 330 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. கல்லூரிக்கு நான் ஓட்டுவேன். நோயுற்றிருந்த வாப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பக்கத்து வீட்டு இளைஞன் ஓட்டுவான். கூலி பெறாமல் அவன் செய்த உதவி அது. ஆயினும், குறைந்துபோன பெட்ரோலின் கணக்கை என் மனம் அவன் பெயரிலேயே எழுதியது.

ஒருநாள், “தம்பி, வண்டியை வேறு எங்கேனும் எடுத்துச் செல்கிறாயா? பெட்ரோல் தங்குவதே இல்லையே” என்றேன். கேள்விக்குள் இருந்த குற்றச்சாட்டு அவனுக்குப் புரிந்துவிட்டது. “இல்லை மாமா” என்று மட்டும் கூறி, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றான். மறுவாரம் வாடகை வண்டியில் ஏறும்போது, “அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை?” என்று வாப்பா கேட்டார். நான் விடை கூறவில்லை.

அவன் வராத நாட்களிலும் பெட்ரோல் முன்போலவே கரைந்தது. அதன் பின்னரே பட்டறைக்குச் சென்றேன்.

முதியவரான மெக்கானிக் எஞ்சினைத் திறக்கவே இல்லை. சற்றுத் தொலைவு ஓட்டிவந்து, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்றார். முன்பக்க இடச் சக்கரம் மட்டும் அனல் வீசியது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினால் அது சுழல மறுத்தது. காலிப்பரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தமையால், மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் பிரேக் விடுபடவில்லை. “ஒரு காலைக் கட்டிப்போட்டு ஓடச் சொன்னால் மாடு இளைக்காதா, சார்?” என்றார். மேலும், 32 பவுண்டு காற்று இருக்க வேண்டிய டயர்களில் 22 பவுண்டே இருந்தது.

அன்று அவரிடம் நான் கற்றவை பல. காற்றுக் குறைந்த டயர் நசுங்கி உருள்வதால் எஞ்சினுக்குச் சுமை கூடும். தேய்ந்த ஸ்பார்க் பிளக் எரிபொருளைச் சரிவர எரிக்காது. ஆக்சிஜன் சென்சார் பழுதுபட்டால் தேவைக்கு மிஞ்சிய பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லக்கூடும். கிளட்ச் நழுவினால் எஞ்சினின் ஆற்றல் முழுமையாகச் சக்கரத்தைச் சேராது. அடைபட்ட ஏர் பில்டர் கார்புரேட்டர் வண்டியில் எரிபொருளை வீணாக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ பெரும்பாலும் இழுவையைத்தான் குறைக்கும். எஞ்சின் சூடேறுமுன் முடிந்துவிடும் குறும்பயணங்களும், வீணே சுமக்கும் பாரமும் செலவைக் கூட்டும். இத்தனை காரணங்கள் இருக்க, எனக்குத் தோன்றிய ஒரே காரணம் திருட்டு!

அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்தவாறே, “வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று முன்பே சொன்னேனே, மாமா” என்றான். சொல்லியிருந்தான், நான்தான் செவிகொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் மீண்டும் வந்தான். வழியெல்லாம் வாப்பாவிடம் மட்டுமே பேசினான்.

மாணவச் செல்வங்களே! வண்டியின் செலவு மிகுந்தால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மனிதர்மீது ஐயங்கொள்வதற்கு முன், அவர்கள் நம்மிடம் முன்பே கூறியதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இறுகிய பிரேக்கை ஒரே நாளில் சரிசெய்துவிட்டார்கள். என் ஒரு சொல்லால் இறுகிய மனம் இளக நெடுநாள் ஆயிற்று.